மெல்லிசையின் மீள்வருகை: ஈழத்துப் பொப் இசை முன்னோடிகளின் பிற்காலம் பற்றிய ஒரு மதிப்பீடு

1

ஓர் இசைக்குழு இளமைக் காலத்திலே பெரும்புகழ் ஈட்டி, பின்னர் கலைந்து, பல்லாண்டுகள் கழிந்தபின் முதுமையிலே மீண்டும் மேடைக்கு வருவது அண்மைக்கால வெகுசனப் பண்பாட்டிற் பரவலாகக் காணப்படும் ஒரு தோற்றப்பாடாகும். மேனாடுகளிலே மென்மையான றொக் இசை என வழங்கும் வகையையும் அதனை அடுத்துள்ள பொப் இசையையும் சார்ந்த குழுக்கள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டுகளாக அமைகின்றன. 1980 இலே பிரிந்த 'ஈகிள்ஸ்' என்னும் அமெரிக்கக் குழு 1994 இல் மீண்டும் இணைந்தது. 1977 இல் வெளிவந்த 'றூமர்ஸ்' இசைத்தட்டினாற் பெயர்பெற்ற 'பிளீற்வூட் மக்' குழுவின் அக்கால உறுப்பினர் ஐவரும் 1997 இல் மறுபடியும் ஒருங்கே மேடையேறினர். 1982 உடன் இயக்கம் நின்றுபோன சுவீடன் நாட்டு 'அபா' குழு, ஏறத்தாழ நாற்பதாண்டு இடைவெளியின் பின், 2021 இலே புதிய இசைத்தொகுப்பொன்றை வெளியிட்டது.

இத்தகைய மீள்வருகைகளை இரு வகையாக நோக்குவது வழக்கம். கடந்தகால ஏக்கத்தை விலைப்படுத்தும் வணிக முயற்சி எனச் சிலர் இதனைத் தள்ளுவர். காலத்தை வென்ற கலைக்குச் சான்று எனச் சிலர் கொண்டாடுவர். இரு சாராரும் அடிப்படையான வினாவொன்றை எழுப்பாது விடுகின்றனர். மீண்டு வருவது எது? பாடகரா, பாட்டா, குழுவா, அன்றி அம்மூன்றையும் ஈன்ற சமூக உறவுகளா? இவ்வினாவுக்கு விடை காணாது மீள்வருகை ஒன்றினை மதிப்பிடுதல் இயலாது.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு இவ்வினா அந்நியமானதன்று. 'மெல்லிசை' என்னும் சொல்லே எம்மிடையே நீண்டகாலம் வழங்கிவருவதாகும். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை, ஈழத்துக் கவிஞரின் ஆக்கங்களுக்கு ஈழத்து இசையமைப்பாளரைக் கொண்டு மெட்டமைத்து ஒலிபரப்பியபோது அவற்றை மெல்லிசைப் பாடல்கள் என்றே அழைத்தது. திருவிழாக் காலங்களிலே கோயில் வீதியில் மேடையமைத்து விடியும்வரை பாடிய குழுக்களை ஊரவர் 'கோஷ்டி' என்றனர். இவ்விரு மரபுகளுக்கும் அருகே, கிற்றாரும் பொங்கோவும் கொண்டு, 1960களின் பிற்பகுதியிலே தோன்றி 1970களிலே உச்சம் பெற்றது ஈழத்துத் தமிழ்ப் பொப் இசை. சிலர் அதனைத் துள்ளிசை எனவும் வழங்குவர்.

நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன், திருகோணமலையைச் சேர்ந்த எம். பி. பரமேஸ், கோணேஸ் சகோதரர்கள், எஸ். இராமச்சந்திரன், அமுதன் அண்ணாமலை, ஸ்ரனி சிவானந்தன் ஆகியோர் இத்துறையில் எடுத்துக்கூறத்தக்கவர். இவர்களின் பாடல்கள் பல்லாண்டு மௌனத்தின் பின் புலம்பெயர் மேடைகளிலும், 2009 இன் பின்னர் இணையவெளியிலும், இங்குள்ள திருமண மண்டபங்களிலும் மீண்டும் ஒலித்து வருகின்றன. இதனை ஈழத்துப் பொப் இசையின் மறுமலர்ச்சி என்று கூறும் வழக்கமும் தோன்றியுள்ளது. அக்கூற்று எவ்வளவுக்குப் பொருந்தும் என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மீள்வருகை வேறு, மறுமலர்ச்சி வேறு என்பதும், முன்னதைப் பின்னதாக மயங்குதலால் இவ்விசையின் சிறந்த கூறுகளே மறைக்கப்படுகின்றன என்பதும் எமது துணிபு.

2

இவ்விசையின் தோற்றத்தை விளங்கிக்கொள்வதற்கு அதன் மூலங்களையும் அது வளர்ந்த பொருளாதாரச் சூழலையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும். இசை வடிவத்தைப் பொறுத்தவரை அதன் முதன்மையான மூலம் பைலாவாகும். போர்த்துக்கேயர் ஆட்சிக் காலத்திலே கரையோரங்களில் வேரூன்றி, ஆபிரிக்க வழிவந்தோரின் கபிரிஞ்ஞாவுடன் கலந்து, பறங்கியர் இல்லங்களில் வளர்ந்த இவ்வடிவத்தை 1940களிலே வொலி பஸ்ரியன் சிங்களப் பொதுமக்கள் இசையாக மாற்றியமைத்தார். எட்டில் ஆறு எனப்படும் அதன் தாளநடை எவரையும் எளிதில் அசையச் செய்வது. 1950களின் பிற்பகுதியிலே ஹரி பெலபொன்ரேயின் இசைத்தட்டுக்கள் வழியாகக் கலிப்சோ இசை உலகெங்கும் பரவியபோது, கொழும்பிலும் அவ்வகைக் குழுக்கள் பல தோன்றின. அவற்றின் வழியிலே கிளறன்ஸ் விஜேவர்த்தன, அனஸ்லி மாலேவன ஆகியோரின் 'மூன்ஸ்ரோன்ஸ்' குழு 1960களின் பிற்பகுதியிலே சிங்களப் பொப் இசைக்குப் புதிய திசை காட்டிற்று. தமிழ் இளைஞர் இவ்வலையினின்றும் ஒதுங்கி நிற்கவில்லை. நித்தி கனகரத்தினத்தின் தொடக்ககாலப் பாடல்கள் மாணவர் ஒன்றுகூடல்களோடு தொடர்புடையவை என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

ஆயின் இசைமூலம் மாத்திரம் ஒரு கலைவடிவத்தை வளர்த்துவிடாது. 1970 இலே பதவிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசாங்கம் அந்நியச் செலாவணி நெருக்கடியின் காரணமாக இறக்குமதிகளைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதி தடைப்பட்டமையால் குடாநாட்டுத் தோட்டக்காரர் கையிலே பணம் புழங்கலாயிற்று. தென்னிந்தியச் சஞ்சிகைகளின் வரவு மட்டுப்பட்டமையால் ஈழத்துச் சஞ்சிகைகளும் நூல்களும் பெருகின. உள்ளூர்த் திரைப்பட முயற்சிகளும் ஊக்கம் பெற்றன. செங்கை ஆழியானின் நாவலைத் தழுவி 1978 இல் வெளியான 'வாடைக்காற்று' அவ்வூக்கத்தின் பயனாகும். அதில் மனோகரன் நடித்தார் என்பது பொப் இசைக்கும் அக்காலக் கலையியக்கத்துக்கும் இடையிலிருந்த தொடர்பைக் காட்டுகின்றது. மண்ணிலே விளைந்த மிளகாய்க்குச் சந்தை கிடைத்த அதே ஆண்டுகளில் மண்ணிலே விளைந்த பாட்டுக்கும் செவி கிடைத்தது என்பதைத் தற்செயல் நிகழ்ச்சியாக நாம் கொள்வதற்கில்லை.

இவ்வாறு கூறுவது பொப் இசையைப் பொருளாதாரக் கொள்கையின் நேரடி விளைவாகச் சுருக்குவதாகாது. வானொலி நிலையம், கல்லூரி மண்டபம், கோயில் வீதி, திருமணப் பந்தல் என்னும் களங்கள் ஏற்கெனவே இருந்தன. கோஷ்டிகளிலே பயின்ற வாத்தியக்காரர் இருந்தனர். கிற்றார் வாசிக்கக் கற்ற கத்தோலிக்க இளைஞர் யாழ்ப்பாண நகரக் கரையோரங்களில் இருந்தனர். இவையனைத்தும் ஒன்றுகூடிப் பயன்விளைக்கும் ஒரு குறுகிய இடைவெளியைக் காலம் திறந்துவிட்டது என்பதே எமது கருத்து.

3

பாடல்களின் உள்ளடக்கத்தை நோக்குவோம். இவ்விசையைப் பற்றிய இரு வேறு அவமதிப்புக்கள் எம்மிடையே நிலவின. கருநாடக இசையையே இசையெனக் கருதியோர் இதனை இசையென்றே ஏற்கவில்லை. மக்கள் கலை பற்றிப் பேசிய முற்போக்காளர் பலர் இதனை மேற்குலக நுகர்ச்சிப் பண்பாட்டின் மலிவான நகல் எனக் கொண்டனர். இரு சாராரும் சொற்களைச் செவிமடுக்கவில்லை.

'சின்ன மாமியே' என்னும் பாடலை எடுத்துக்கொள்வோம். மாமியாரிடத்து அவருடைய இளைய மகளைப் பற்றி வினவும் இளைஞன், அவனுக்குக் குறும்போடு விடைகூறும் மாமி என இருவரின் உரையாடலாக அது அமைந்துள்ளது. மாமியின் மகளை மணப்பதற்கு மருமகனுக்கு உரிமையுண்டு என்பது எமது உறவுமுறை வழக்கு. அவ்வுரிமையின் துணிவோடுதான் அவன் வாசலிலே நின்று கேட்கிறான். கிடைக்கும் விடையோ, பெண் படிக்கப் போயிருக்கிறாள் என்பது. உறவுமுறை வழங்கிய உரிமைக்கும் கல்வி திறந்துவிட்ட வெளிக்கும் இடையே எழுந்த இழுபறி இங்கே பகிடியாக வெளிப்படுகின்றது. 1824 இல் உடுவிலிலே பெண்களுக்கான விடுதிப் பாடசாலை தொடங்கிய காலம் முதலாகப் பெண்கல்வி வேரூன்றிய குடாநாட்டிலே, கல்வி பெண்ணின் திருமணச் சந்தைப் பெறுமதியை உயர்த்தும் சாதனமாகவும், அதே வேளை திருமணத்தைத் தள்ளிவைக்கும் காரணமாகவும் இருந்துவந்துள்ளது. சீதனத்தைப் பற்றி ஒரு சொல்லும் கூறாமலே இப்பாடல் அவ்வுலகத்தைக் கேட்போர் மனதிற் கொண்டுவந்து நிறுத்துகின்றது. எமது சிறுகதையாசிரியர் பலர் பல பக்கங்களிற் கூறியதைச் சில வரிகளிற் சிரிப்போடு கூறிய திறன் சிறியதன்று.

'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' என்னும் பாடல் வேறொரு வகையிற் சிக்கலானது. அதன் சொற்பொருள் மதுவிலக்குப் போதனையாகும். குடாநாட்டிலே மதுவிலக்கு இயக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. ஆயின் அப்போதனை ஏறி வருவதோ, குடியும் கூத்தும் நிறைந்த விருந்துகளிலே பிறந்த பைலாத் தாளத்தின் மீது. எச்சரிக்கும் சொல்லும் அழைக்கும் தாளமும் ஒன்றையொன்று மறுப்பதிலேயே பாடலின் சுவை தங்கியுள்ளது. பாடலைக் கேட்டுக் குடியை விட்டவர் எவரும் உளரோ என்பது ஐயத்துக்குரியது. பாடலைப் பாடிக்கொண்டே குடித்தவர் பலர் என்பது ஊரறிந்தது. இம்முரணே அதனைப் பிரசாரப் பாட்டினின்றும் வேறுபடுத்திக் கலையாக்குகின்றது.

அதே வேளையில் அப்பாடலின் எல்லையையும் சுட்டுதல் வேண்டும். பாடலின் அக்கறை குடிப்பவனைப் பற்றியதே. பனையேறிக் கள் இறக்குபவன் அங்கே இல்லை. மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலே 1968 இல் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைவுரிமைக்காகப் போராடினர். 1970களின் தொடக்கத்திலே கள் இறக்கும் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களாக ஒன்றிணைந்தனர். அவ்வாண்டுகளிலே எழுந்த ஒரு கள்ளுக்கடைப் பாட்டு இவற்றைக் காணாமற் போனது தற்செயலானதன்று. ஊரவர் நாவில் வழங்கிய 'தவறணை' என்னும் சொல் பாடலின் தலைப்பில் இடம்பெறாமையும் கருதத்தக்கது. கல்விகற்ற நடுத்தர வகுப்பு இளைஞனின் பார்வையிலிருந்தே இப்பாடல்கள் பிறந்தன. அவற்றின் நகைச்சுவை அவ்வகுப்பின் தன்னம்பிக்கையையும், அவற்றின் மௌனங்கள் அவ்வகுப்பின் எல்லைகளையும் காட்டுகின்றன.

மனோகரனுடைய குரலோடு பிரிக்கவொண்ணாதபடி இணைந்துவிட்ட 'சுராங்கனி' வேறொரு வாசலைத் திறக்கின்றது. பெண்ணொருத்திக்கு மீன் கொண்டுவந்ததைச் சிங்களத்திலே சொல்லும் பல்லவியும், அதனோடு கலந்துவரும் தமிழும் இரு மொழிக்காரரையும் ஒரே மேடைமுன் நிறுத்தின. 1956 இன் மொழிச்சட்டமும், 1971 இலே தொடங்கிய பல்கலைக்கழக அனுமதித் தரப்படுத்தலும், 1972 இன் அரசியலமைப்பும் இரு இனங்களுக்கும் இடையே பிளவை ஆழமாக்கிக்கொண்டிருந்த காலத்திலேயே இக்கலப்புப் பாடல் நாடெங்கும் ஆடப்பட்டது. இதனை இன ஒற்றுமையின் சான்றாகக் காட்டுவோர் உளர். அக்கூற்று மிகையானது. ஒரே பாட்டுக்கு ஆடியமை 1983 யூலையைத் தடுக்கவில்லை. ஆயினும், கடற்கரையிலும் சந்தையிலும் பயணப் பேருந்திலும் இரு மொழிகளும் கலந்து வாழ்ந்த அன்றாட அனுபவமொன்று இருந்தது என்பதற்கும், அரசியல் அவ்வனுபவத்தைக் கடந்து சென்றுவிட்டது என்பதற்கும் அப்பாடல் ஆவணமாக நிற்கின்றது.

இசையமைப்பின் எளிமையும் இங்கு குறிப்பிடத்தக்கது. எமது சங்கராபரணத்தோடு ஒத்த மேனாட்டுச் சுரவரிசை, மூன்று நான்கு சுரக்கூட்டுகள், கைதட்டுக்கு இணங்கும் தாளம் என்பவற்றுக்குள்ளேயே பெரும்பாலான பாடல்கள் அடங்கிவிடுகின்றன. இதனைக் குறையாகக் கூறுவோர் கலையின் பயன்பாட்டை மறந்துவிடுகின்றனர். கிற்றார் ஒன்றும் கைகள் பத்தும் இருந்தாற் பாடக்கூடிய பாட்டு அது. கேட்போனுக்கும் பாடுவோனுக்கும் இடையிலுள்ள தூரத்தை அது குறைத்தது. திரைப்பாட்டுக்குப் பெரிய வாத்தியக்குழுவும், கருநாடக இசைக்கு நீண்ட பயிற்சியும் வேண்டியிருந்த நிலையில், பொப் இசை மாணவனையும் எழுதுவினைஞனையும் ஆக்கக்காரராக்கிற்று. அதன் முற்போக்கான உள்ளடக்கம் எங்கேனும் உண்டெனின் இங்கேதான் உண்டு.

4

இவ்விடைவெளி நீடிக்கவில்லை. 1977 இலே திறந்த பொருளாதாரம் வந்தது. வெளியிலிருந்து வந்த மிளகாய் உள்ளூர் மிளகாயை வீழ்த்தியதுபோல, ஒலிநாடாக்களில் வந்து குவிந்த தென்னிந்தியத் திரைப்பாடல் உள்ளூர்ப் பாட்டை ஓரங்கட்டிற்று. அதே ஆண்டில் வெளியான 'அவர் எனக்கே சொந்தம்' என்னும் தமிழகத் திரைப்படத்திலே இளையராஜாவின் இசையமைப்பில் 'சுராங்கனி' இடம்பெற்றமை இதன் மறுபக்கமாகும். ஈழத்துப் பாட்டு தமிழகத் திரைப்படத்துக்குட் சென்று, அங்கிருந்து திரைப்பாட்டாகவே எம்மிடம் திரும்பிவந்தது. தமிழகத்திலே 'சிலோன் மனோகர்' எனப் பெயர்பெற்ற மனோகரன் சென்னையிலே தங்கித் தென்னிந்தியப் படங்களிலே பெரும்பாலும் வில்லன் பாத்திரங்களை ஏற்று நடித்தார். பாடகரின் முகம் சந்தைக்குப் பயன்பட்டது. அவர் சார்ந்திருந்த இசைமரபு பின்தள்ளப்பட்டது.

அதன் பின்னர் நிகழ்ந்தவை யாவரும் அறிந்தவை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. 1983 இன் பின் புலம்பெயர்வு பெருவெள்ளமாயிற்று. நித்தி கனகரத்தினம் அவுஸ்திரேலியாவிற் குடியேறினார். ஏனையோர் பலரும் பல நாடுகளிற் சிதறினர். 1990 முதல் குடாநாடு மின்சாரமின்றி இருண்டது. மின்கலங்களும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதித்து, அதன் டைனமோவிலிருந்து பெற்ற மின்னிலே வானொலியும் ஒலிநாடாவும் கேட்ட தலைமுறை ஒன்று இங்கே வளர்ந்தது. கோஷ்டிகளிலே வளர்ந்த பாடகரும் வாத்தியக்காரரும் பலர் போராட்ட எழுச்சிப் பாடல்களுக்குத் தம் திறனை வழங்கினர். 2017 இல் மறைந்த எஸ். ஜி. சாந்தன் அவ்வரிசையிலே பெரிதும் அறியப்பட்டவர். நடைவேகத் தாளம் ஆடற்றாளத்தின் இடத்தைப் பிடித்தது. மெல்லிசையின் மென்மைக்கு அக்காலம் இடமளிக்கவில்லை.

கொழும்பின் நிலை இதனின்றும் வேறானது. அங்கு விடுதிகள், ஒலிப்பதிவுக் கூடங்கள், 1979 இன் பின்னர் தொலைக்காட்சி ஆகியவை சிங்களப் பொப் குழுக்களுக்குத் தொடர்ச்சியான வாழ்வை அளித்தன. 1996 இலே கிளறன்ஸ் விஜேவர்த்தன மறைந்த பின்னரும் அவருடைய பாடல்கள் மேடைகளினின்றும் மறையவில்லை. 'ஜிப்சீஸ்' குழுவின் சுனில் பெரேரா 2021 இல் இறக்கும்வரை பாடகராகவே வாழ்ந்தார். முதுமையிலும் அவர் சமகால அரசியலையும் சமூகப் போலித்தனங்களையும் பகிடி பண்ணும் புதிய பாடல்களைப் பாடினார் என்பது கருதத்தக்கது. அங்கே மீள்வருகை என்னும் வினாவே எழவில்லை. தொடர்ச்சி அறுபடாதவிடத்து மீண்டு வருதலும் இல்லை.

5

எமது மீள்வருகையின் இயல்புக்கு வருவோம். அதனை முதலில் உயிர்ப்பித்தது புலம்பெயர்ந்தோர் மேடையாகும். கனடாவிலும் ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் நடைபெறும் கலைமாலைகளிலே முதிய பாடகர் அழைக்கப்பட்டனர். போர் முடிந்து, ஏ-9 பாதை திறந்து, இணையம் வீடுதோறும் புகுந்த பின்னர் அப்பாடல்கள் இளையோரின் கைத்தொலைபேசிகளுக்கும் வந்து சேர்ந்தன. இவ்வாறு மறதியினின்றும் மீட்கப்பட்டமையை நாம் சிறுமைப்படுத்தவில்லை. 2018 சனவரி 22 ஆம் நாள் மனோகரன் சென்னையிலே காலமானபோது, அவரைப் பாடகராகவே உலகத் தமிழர் நினைவுகூர்ந்தனர். பல்லாண்டு நடிப்பு வாழ்க்கையை அவருடைய சில பாடல்கள் வென்றுவிட்டன. கலைஞன் ஒருவனுக்கு இது சிறிய பேறன்று.

எனினும் இம்மீள்வருகையில் மூன்று குறைகள் உள. முதலாவது, பழைய பாடல்களே மீண்டன. அவையும் விரல்விட்டு எண்ணத்தக்கவை. முதிய கலைஞனிடம் முதுமையின் பாட்டை எவரும் கேட்பதில்லை. இருபது வயதில் மாமியிடம் மகளைப் பற்றிக் கேட்டவன் எழுபது வயதிலும் அதையே கேட்கவேண்டியுள்ளது. சிதறிய உறவுகள், அந்நிய நாட்டிலே தமிழ் பேசாத பேரப்பிள்ளைகள், பூட்டிக்கிடக்கும் ஊர்வீடுகள் ஆகிய இன்றைய வாழ்வின் பொருள்கள் அதே கூர்மையான பகிடிக்கும் அதே எளிய தாளத்துக்கும் காத்திருக்கின்றன. கேட்போர் கூட்டமோ கலைஞனை அவனது இளமையிலேயே சிறைவைத்துள்ளது.

இப்போக்கின் முற்றிய வடிவத்தை மேற்குலகிலே காணலாம். 2022 மே மாதம் முதல் இலண்டனிலே 'அபா' குழுவின் நால்வரும் 1979 ஆம் ஆண்டுத் தோற்றத்திலே கணினி உருவங்களாக மேடையேறுகின்றனர். முதியவர்களான உண்மை மனிதர் மேடையில் இல்லை. உயிரோடு நின்று வாசிப்போர் பெயரறியாப் பக்கவாத்தியக்காரர் மாத்திரமே. எனினும் அக்குழு முதுமையிற் புதிய பாடல்களையும் ஆக்கிய பின்னரே இவ்வுருவங்களை மேடையேற்றியது என்பதை மறத்தலாகாது. ஈகிள்ஸ் குழுவின் 1994 மீளிணைவுத் தொகுப்பிலும் புதிய பாடல்கள் நான்கு இருந்தன. 2007 இல் அது முழுமையான புதிய தொகுப்பொன்றையே தந்தது. வணிக நோக்கம் மிகுந்த அம்மீள்வருகைகளிற்கூடக் காணப்படும் இவ்வாக்க முயற்சி எமது மீள்வருகையிற் காணப்படாமை சிந்தனைக்குரியது.

இரண்டாவது, குழு மீளவில்லை. பாடகரின் பெயர் எஞ்சிற்று. கிற்றார் வாசித்தவர், பொங்கோ தட்டியவர், பின்குரல் கொடுத்தவர், மேடைக்கு மின்பொறி கொண்டுவந்தவர் ஆகியோர் மறைந்துபோயினர். இன்றைய மேடைகளிலே பதிவுசெய்யப்பட்ட இசைத்தடத்தின் மீது பாடகர் தனித்து நின்று பாடுதல் வழக்கமாகிவிட்டது. இது செலவுக் குறைப்பு மாத்திரமன்று. பொப் இசை தோன்றியபோது அதன் உயிராயிருந்த கூட்டுழைப்பை இது நீக்கிவிடுகின்றது. பொப் இசையை எவரும் பாடக்கூடியதாக்கிய சமத்துவப் பண்பு, நட்சத்திர வழிபாட்டாற் பதிலீடு செய்யப்படுகின்றது. 2024 பெப்ரவரி 9 ஆம் நாள் முற்றவெளியிலே பாடகர் ஹரிஹரனின் நிகழ்ச்சிக்குத் திரண்ட பெருங்கூட்டமும் அங்கெழுந்த குழப்பமும் இவ்வழிபாட்டின் வலிமையைக் காட்டின. மேடை வேறாகவும் சனம் வேறாகவும் தடுப்புவேலியாற் பிரிக்கப்பட்ட பண்பாடு அது. கோயில் வீதியிலே கோஷ்டியின் முன் சாக்கு விரித்து இருந்து கேட்ட பண்பாடன்று.

கியூபா நாட்டு அனுபவத்தை இவ்விடத்தில் ஒப்பிடுதல் பயனுடைத்து. 1996 இலே ஹவானாவில் 'புவனா விஸ்ரா சோசல் கிளப்' என்னும் பெயரிலே முதிய இசைக்கலைஞர் பலர் ஒன்றுகூட்டப்பட்டனர். சப்பாத்துத் துடைத்துச் சீவித்த இப்ராகிம் பெரர், சொந்தப் பியானோவின்றி இருந்த றூபன் கொன்சாலஸ், தொண்ணூறை அண்மித்த கொம்பாய் செகுண்டோ ஆகியோர் அவருட் சிலர். 1997 இல் வெளிவந்த அவ்விசைத்தட்டு உலகப் புகழ் பெற்றது. அந்நிய நிறுவனத்தின் முதலும் அமெரிக்க இசைக்கலைஞர் ஒருவரின் தலைமையும் அதன் பின்னணியில் இருந்தன. புரட்சிக்கு முந்திய கியூபாவை ஏக்கத்துக்குரிய பொருளாக்கிற்று என்னும் குற்றச்சாட்டும் அதன்மீது உண்டு. ஆயினும் அம்மீள்வருகை குழுவை மீட்டது. வாத்தியக்காரர் ஒவ்வொருவரும் பெயரோடும் முகத்தோடும் வெளிவந்தனர். முதிய குரலின் நடுக்கம் மறைக்கப்படாது கலையின் பகுதியாயிற்று. பெரர் எழுபது கடந்தபின் புதிய தனித்தொகுப்பைத் தந்தார். மீள்வருகை எந்நிலையிலே மறுமலர்ச்சியை அணுகக்கூடும் என்பதற்கு இதனைச் சான்றாகக் கொள்ளலாம்.

மூன்றாவது குறை கருத்துநிலை சார்ந்தது. இப்பாடல்கள் இன்று 'சண்டைக்கு முந்திய நல்ல காலம்' ஒன்றின் ஒலியாகக் கேட்கப்படுகின்றன. இழப்பின் பெருமையை எண்ணும்போது இவ்வேக்கம் மனிதாபிமானத்தோடு விளங்கிக்கொள்ளத்தக்கதே. அழிந்த வீதிகளையும் இறந்த உறவினரையும் ஒரு தாளத்திலே மீட்டுக்கொள்ளும் முதியவரை எவரும் குறைகூற முடியாது. ஆயின் விமர்சனம் ஏக்கத்தோடு நின்றுவிடலாகாது. அந்த நல்ல காலத்திலேதான் கோயில் வாசல்களிலே மனிதர் தடுக்கப்பட்டனர். அந்த நல்ல காலத்திலேதான் வேலையற்ற இளைஞரின் விரக்தி திரண்டது. பாடல்களிலேயே பொதிந்திருக்கும் சமூக முரண்களைக் கேளாது, அவற்றை இன்பமயமான கடந்தகாலத்தின் அடையாளச் சின்னங்களாக்குதல் அப்பாடல்களுக்கே இழைக்கும் அநீதியாகும்.

6

மறுமலர்ச்சி என்பதற்கு எமது பண்பாட்டு வரலாற்றிலேயே அளவுகோல் உண்டு. 1960களிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையிலே கூத்தினை மீட்டெடுத்தபோது, கிராமத்து அண்ணாவிமாரையும் பல்கலைக்கழக மாணவரையும் ஒரே களரியிற் கூட்டினார். விடியவிடிய ஆடப்பட்டதைச் சில மணிநேரத்துக்குச் சுருக்கி, மேடைக்கேற்ப அமைத்தார். 'கர்ணன் போர்' என்னும் பழைய கூத்தோடு அவர் நின்றுவிடவில்லை. 'இராவணேசன்', 'வாலிவதை' எனப் புதிய ஆக்கங்களும் எழுந்தன. அறிந்தவரிடமிருந்து கற்றல், காலத்துக்கேற்ப அமைத்தல், புதியன படைத்தல் என்னும் மூன்றும் அங்கே ஒருங்கே நிகழ்ந்தன. அம்முயற்சியின் குறைநிறைகள் பற்றிப் பின்னர் வாதங்கள் எழுந்தன. எனினும் அதனை மறுமலர்ச்சி என்பதில் ஐயமில்லை. இவ்வளவுகோலால் அளக்கும்போது பொப் இசையின் மீள்வருகை இன்னும் முதற்படியிலேயே நிற்கின்றது.

கூத்துக்குக் கிடைத்த புலமைக் கவனம் பொப் இசைக்குக் கிடைக்காமையே இதற்கு முதன்மையான காரணமாகும். நகரத்து நடுத்தர வகுப்பின் விளையாட்டென அது கருதப்பட்டமையால் ஆய்வாளர் அதனைச் சந்தையின் கையில் விட்டுவிட்டனர். இராமநாதன் நுண்கலைக் கழகம் 1975 இலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது முதல் கருநாடக இசைக்கு நிறுவனரீதியான இடம் உண்டு. 2011 இல் நடைபெற்ற யாழ்ப்பாண இசை விழா நாட்டார் கலைகளுக்கு மேடையளித்தது. இவ்விரண்டுக்கும் இடையிலே விழுந்துபோனது ஊரவர் உண்மையிலே பாடிய பாட்டு.

ஆதலின் செய்யவேண்டிய பணிகள் தெளிவானவை. எஞ்சியுள்ள இசைத்தட்டுக்களும் ஒலிநாடாக்களும் வீடுகளிலே பூஞ்சணம் பிடித்து அழியுமுன் சேகரிக்கப்படல் வேண்டும். 2005 இலே தொடங்கப்பட்ட நூலகம் நிறுவனத்தின் எண்ணிமப் பணி இத்துறைக்கும் விரிவுபெறல் பயனுடைத்து. பாடகர் மாத்திரமன்றிப் பக்கவாத்தியக்காரர், ஒலியமைப்பாளர், மேடை ஒழுங்குசெய்தோர் ஆகியோரின் வாய்மொழி வரலாறுகளும் பதிவாதல் வேண்டும். அவர்களுட் பலர் எழுபதைக் கடந்தவர். 1981 இல் நூல்கள் எரிந்தன. இவர்களுடைய நினைவுகளைப் பொறுத்தவரை எரிப்பதற்கு எவரும் வேண்டியதில்லை. கேளாதிருத்தலே போதும்.

அதனினும் முக்கியமானது, முதிய கலைஞரும் இளைய வாத்தியக்காரரும் ஒருங்கிருந்து புதிய பாட்டை ஆக்குவதற்கான களங்களை அமைப்பதாகும். பழைய மெட்டைப் புதிய கருவிகளிலே மீளப்பாடுதல் அதற்கு ஈடாகாது. இன்றைய யாழ்ப்பாணத்திலே கடனும் கடவுச்சீட்டும் போதைப்பொருளும் வேலையின்மையும் அன்றாடப் பேச்சுப் பொருள்கள். அவற்றைப் பற்றிய கூட்டங்களும் அறிக்கைகளும் மிகுதி. அவற்றை வாசலில் நின்று சிரித்துக்கொண்டே கேட்கும் பாட்டு அரிது. அவ்வாறு கேட்கும் கலையை நித்தியும் மனோகரனும் அவர்களோடு வாசித்த பெயரறியாக் கலைஞரும் ஒருகாலத்தில் அறிந்திருந்தனர். அக்கலையை அவர்களிடமிருந்து கற்று அடுத்த தலைமுறை தன் காலத்தைப் பாடத் தொடங்குமாயின், அதனையே ஈழத்துப் பொப் இசையின் மறுமலர்ச்சி என நாம் ஏற்றல் தகும்.